கண் திறக்காத ஜாகுவார்

என் வலது தோள் ஒரு செவ்வாய்க்கிழமை போனது. ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் இருபத்திரண்டு வருடம் மூட்டை இழுத்த தோள் அது. அன்றைக்கு ஒரு மூட்டையை மேல் தட்டுக்கு உயர்த்தினேன், உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சத்திரசிகிச்சை, பிறகு உடற்பயிற்சி, பிறகு வீட்டிருப்பு. மூன்றிலும் மோசம் வீட்டிருப்புத்தான். நான் சும்மா இருக்கப் பழகாதவன். குசினி அலுமாரிகளைப் பெயர் ஒட்டி ஒழுங்குபடுத்தினேன். மனைவி சீரகத்தைத் தேடி அரைமணித்தியாலம் அலைந்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்குத் தோள் நோகுதெண்டால் எனக்குத் தலை நோகுது. எங்கயாவது போங்கோ" என்றாள்.

போவதற்கு ஓர் இடம் இருந்தது. ஆஸ்பத்திரியின் ஆளணிப் பகுதியில் இருக்கும் பெண் எனக்காக ஒரு வேலையை ஒதுக்கி வைத்திருந்தார். சீருடை கொடுக்கும் கவுண்டர். தாதிமார் வந்து அளவு சொல்ல, தட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். பாரம் கிடையாது. கை மட்டும் தோளுக்கு மேலே எழும்ப வேண்டும். அது எழும்புகிறது என்று காப்புறுதிக் கந்தோர் தாள் தர வேண்டும். காப்புறுதிக் கந்தோர் சொன்னது, முதலில் ஆறு மாதம் ஒரு பயிற்சி வேலைத்தலத்தில் கையைப் பழக்கிவிட்டு வா, அங்குள்ள தலைவர் எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் தாள். அறிக்கை நன்றாக வந்தால் எனக்குக் கவுண்டர். வராவிட்டால் ஐம்பத்தாறு வயதில் அரைத் தோளோடு என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? இதுதான் என் நிலைமை. இதை மறக்காமல் மிச்சத்தைக் கேளுங்கள், ஏனென்றால் அங்கிருந்த எல்லோரும் இதை மறந்துவிட்டார்கள்.

வேலைத்தலம் பேர்ன் நகரத்துக்குப் பக்கத்தில், ஓஸ்டர்முண்டிகனில், எங்கள் வீட்டிலிருந்து நடைதூரம். ஆணியை எண்ணிப் பையில் போடும் வேலை தருவார்கள் என்று நினைத்துப் போனேன். உள்ளே சுவர் முழுக்க மரமுகங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கின. தலைவர் தாடிக்காரர், சுவிஸ்காரர், எந்நேரமும் நெஞ்சில் கைவைத்துப் பேசுபவர். அவர் ஒரு குளிர்காலம் குவாத்தமாலாவில் இருந்திருக்கிறார். அந்த ஒரு குளிர்காலத்துக்காக எரித்திரியாக்காரர் ஒருவரும், போர்த்துக்கல்காரர் ஒருவரும், முதுகு போன ஒரு சுவிஸ் பஸ் சாரதியும், நானும் ஓஸ்டர்முண்டிகனில் இருந்து மாயா முகமூடி செய்தோம். நான் செதுக்க, எரித்திரியாக்காரர் உரஞ்ச, போர்த்துக்கல்காரர் கண்ணைத் துளைக்க, பஸ் சாரதி வர்ணம் பூச, எல்லாம் பேர்ன் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போகும்.

முதல் வாரம் உளியைத் தொடவிடவில்லை. குறியீடுகள் பற்றிப் பாடம். தவளை மழையைக் கூப்பிடும். நாய் செத்தவர்களை ஆறு கடத்தி விடும். நீள வால் பச்சைக் குருவி, கூட்டில் அடைத்தால் செத்துப்போகும், ஆனபடியால் அது விடுதலை. ஜாகுவார் என்றால் சூரியன். பகலில் மேலே வெளிச்சம் தருகிற அதே சூரியன் இருண்டபிறகு ஜாகுவாராக மாறிப் பூமிக்குக் கீழே நடந்து, விடியும்போது மற்றப் பக்கத்தால் ஏறி வரும். அதன் உடம்பில் இருக்கிற புள்ளிகள்தான் நட்சத்திரங்கள். பொய் சொல்லக்கூடாது, அது எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஆள் அதைச் சொன்ன விதமும் பிடித்திருந்தது. பிறகு அவர் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, உள்ளே எந்த மிருகம் தெரிகிறது என்று கேட்டார். பஸ் சாரதி ஒன்றும் தெரியவில்லை என்றார், அவருக்குத் தவளை. எனக்குத் தெரிந்தது சீரகப் போத்தல். அதைச் சொல்ல வெட்கப்பட்டுச் சும்மா இருந்தேன், எனக்கு ஜாகுவார் தந்தார்.

மாதிரிப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி பார்த்துவிட்டுப் பயந்துபோனாள்.

"ஐயோ, உது புலியெல்லோ! உதை உங்கட பெர்மிட் பைலோட சேர்த்து வைச்சிடாதேங்கோ."

"புலி இல்லையப்பா. ஜாகுவார். சூரியன்."

"சூரியனுக்கு ஏன் மீசை?"

மூன்று வாரத்தில் முதல் முகம் முடிந்தது. லிண்டன் மரம் வெண்ணெய் வெட்டுகிற மாதிரி இருக்கும், அரைத் தோளுக்கும் பாடு இல்லை. காது, மூக்கு, பல்லு, நெற்றியில் புள்ளிகள், எல்லாம் வந்துவிட்டது. தலைவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "அருமை, இனிக் கண்ணைக் குறியுங்கள்" என்றார். உளியை வைத்தேன். கை போகவில்லை. நோவினால் இல்லை.

ஏன் போகவில்லை என்று சொல்ல வேண்டும். எங்கள் கோயில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அங்கே புது வைரவர் சிலை கப்பலில் வந்தது. பெட்டியை உடைத்த அன்று நாங்கள் அதைத் தூக்கி, உருட்டி, அதில் சாய்ந்து நின்று தேத்தண்ணிகூடக் குடித்தோம். அது அப்போது கல்லுத்தான். பிறகு சிற்பி வந்து திரைக்குப் பின்னால் கண் திறந்தார். கண் திறந்ததும் முதலில் பசுவையும் கன்றையும் பார்க்க வேண்டும். பசுவைக் கட்டடத்துக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் வாகனத்தின் பின்பெட்டியில் பசுவை ஏற்றிவந்து பார்க்கிங்கில் நிறுத்தினார். கன்று இறங்கமாட்டேன் என்றது, பின்னால் நின்று தள்ளியவன் நான். சாமான் இறக்குகிற பெரிய கதவைச் சுருட்டிவிட்டோம். வைரவர் பார்க்கிங்கைப் பார்த்தார். அன்றிலிருந்து அந்தக் கல்லில் யாரும் சாயவில்லை. அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் பூசை, படையல். ஒரு முறை பனியில் ரயில் நின்று ஐயர் பிந்தியதற்கே கோயில் கூட்டத்தில் இரண்டு மணித்தியாலம் சண்டை.

அதைப் பார்த்தவன் எப்படி மலகூடத்துக்குப் பக்கத்து மேசையில், போர்த்துக்கல்காரரின் வானொலி கத்திக்கொண்டிருக்க, ஒரு சூரியனுக்குக் கண்ணைத் திறந்துவிட்டு நாலரை மணிக்கு வீட்டுக்குப் போவான்? யார் அதற்குச் சோறு வைப்பது?

தலைவருக்கு என் டொச்சில், அதாவது எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில், சொன்னேன். என் டொச் துணிக்கிடங்கு டொச். அளவு, நிறம், ஈரம், காய்ந்தது, இவ்வளவும் நன்றாக வரும். கடவுளைப் பற்றி அதில் கதைக்கவே ஏலாது.

"கண் திறந்தால், உயிர். உயிர் என்றால், சாப்பாடு. ஒவ்வொரு நாளும் சாப்பாடு. நான் ஞாயிறு வீட்டில்."

அவர் முகம் சிவந்தது. கண் போடாவிட்டால் அது முகமூடியே இல்லை, அறிவுறுத்தலைப் பின்பற்றுவதும் அறிக்கையில் ஒரு பகுதி என்றார். கவுண்டர் கண் முன்னால் வந்து போனது. ஒரு ஜாகுவாரால் என் பிழைப்புப் போகப்போகிறதே என்று எனக்கு என்மேலேயே ஆத்திரம். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

"குத்திவிட வேண்டியதுதானே, ரெண்டு ஓட்டை!" என்றாள். கொஞ்ச நேரம் வெங்காயம் வெட்டினாள். "ஓம், சாப்பாடு ஆர் வைக்கிறது..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த நாள் நான் கண்ணைக் குறித்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். போனால் தலைவர் வாசலிலேயே நிற்கிறார், நெஞ்சில் இரண்டு கையும். நித்திரையே கொள்ளவில்லையாம். நான் சொன்னது அவரைப் போட்டு உலுக்கிவிட்டதாம். கண்ணில்லாத ஜாகுவார், பூமிக்குக் கீழே நடக்கிற சூரியன், இருட்டில் எதற்குக் கண், அது உள்ளே பார்க்கிறது! ஒவ்வொரு முகமூடியோடும் ஒரு சிறிய அட்டை கட்டித்தான் விற்போம், அதில் குறியீட்டு விளக்கம் இருக்கும். புது அட்டையை அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். 'உள்நோக்கும் ஜாகுவார். உயிருக்குப் பசி உண்டு.' இரண்டாவது வசனம் நான் சொன்னதாம். நான் சொன்னது ஞாயிற்றுக்கிழமை விடுமுறை பற்றி.

"அப்ப அறிக்கை?" என்று கேட்டேன்.

"மிக மிக நன்றாக இருக்கும்" என்றார்.

எனக்குக் குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து தவளைக்கும் கண் இல்லை, நாய்க்கும் கண் இல்லை. ஆற்றைக் கடத்தி விடுகிற நாய்க்காவது கண்ணைக் கொடுங்கோ, செத்த மனிசர் தண்ணிக்குள் விழப்போகினம் என்று சொல்ல நினைத்தேன், டொச் வரவில்லை. கஷ்டப்பட்டது போர்த்துக்கல்காரர். முழங்கை நோயாளி, துளை போடுவதுதான் அவருக்குப் பயிற்சி. துளையே இல்லை என்றதும் அவரைக் காது உரஞ்ச விட்டார்கள். "உன்னுடைய கடவுளால் நான் காது தேய்க்கிறேன்" என்று ஒவ்வொரு காலையும் எனக்குச் சொன்னார். வணக்கம் சொல்வது போல அதைச் சொல்லிப் பழகிவிட்டார்.

கிறிஸ்துமஸ் சந்தையில் தலைவர் என்னையும் கடையில் நிறுத்தினார். கழுத்தில் ஒரு நெய்த சால்வையைச் சுற்றிவிட்டார், நல்ல சிவப்பும் மஞ்சளும். "ஒன்றும் சொல்ல வேண்டாம், நில்லுங்கள் போதும். இவர்தான் கலைஞர் என்று நான் சொல்வேன்." நின்றேன். சனம் முகமூடியைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், மறுபடி முகமூடியைப் பார்க்கும், தலையை ஆட்டும். ஒரு வயதான மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"உங்கள் ஊரில் இப்போது காலநிலை எப்படி?"

"ஓஸ்டர்முண்டிகனில் குளிர்" என்றேன்.

அவர் ஆழமாக யோசித்தபடி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

மதியம் மனைவி வேலை முடிந்து அந்தப் பக்கம் வந்தாள். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதென்ன கோலம்? நீங்கள் எப்ப மாயா ஆனனீங்கள்?"

"மெல்லமாக் கதை. ரிப்போட் வருமட்டும்."

"பிள்ளையளுக்குப் படம் எடுத்து அனுப்பப்போறன்" என்று ரெலிபோனை எடுத்தாள். நான் திரும்பி நின்றேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தார். எங்கள் வயது இருக்கும், எங்கள் உயரம், எங்கள் நிறம், கம்பளித் தொப்பி. ஒரு ஜாகுவாரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் ஸ்பானிஷில் ஏதோ கேட்டார். நான் தலைவர் சொன்னபடி நின்றேன். வேறொரு பாஷையில் கேட்டார், அது தொண்டைக்குள் இருந்து வருகிற பாஷை. அதற்கும் நின்றேன். கடைசியில் டொச்சுக்கு இறங்கினார். அவருடைய டொச்சும் என்னுடையது மாதிரியே, துப்புரவு வேலை டொச். ட்ராம் கழுவுகிறாராம். மாயாக்காரி. உண்மையான மாயாக்காரி!

சால்வையைக் கழற்றி மேசைக்குக் கீழே போட்டேன்.

"நான் தமிழ். ஸ்ரீலங்கா" என்றேன்.

"தெரிகிறது. சால்வை பெண்கள் கட்டுவது" என்றார்.

தலைவர் கடையின் மற்றத் தொங்கலில் ஒரு குடும்பத்துக்குச் சூரியன் கீழே நடக்கிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அட்டையை வாசித்தார். சூரியன், இருட்டு, புள்ளி, அதெல்லாம் சரி என்றார், ஊரில் அப்படிச் சொல்லித்தான் அவர் வளர்ந்தாராம். உள்நோக்குகிறது என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"இதைப் போட்டுக்கொண்டு ஆடுவார்கள். தேவாலயப் படிக்கட்டில் ஆடுவார்கள். கண் இல்லாவிட்டால் ஆடுகிறவன் விழுந்து பல்லை உடைப்பான். யார் செய்த வேலை இது?"

"நான்" என்றேன். எனக்குத் தெரிந்த டொச் எல்லாவற்றையும் போட்டு வைரவர், பசு, பார்க்கிங், சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திக் கேட்டார். கேட்டுவிட்டு, அவருடைய ஊரிலும் அப்படித்தான் என்றார். ஆட்டத்துக்கு முதல் முகமூடிகளை மேசையில் அடுக்கி, சாம்பிராணிப் புகை காட்டி, சாராயம் ஊற்றி, "உன்னைப் போடப்போகிறேன், கோபிக்காதே" என்று கேட்டுத்தான் எடுப்பார்களாம். கேட்காமல் போட்டவனுக்குக் காலில் வாதம் வரும்.

"அப்ப, சாப்பிடும்?"

"சாப்பிடாமல்?"

"ஒவ்வொரு நாளும்?"

"உனக்கு விசரா? யாரால் முடியும் ஒவ்வொரு நாளும்! ஆட்டத்துக்கு மட்டும். மற்ற நாளில் ஆணியில் தொங்கும், தூங்கும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஐந்து மாதமாக எத்தனை முகம், ஒன்றுக்கும் கண் இல்லை. இவ்வளவுதானா சங்கதி? கூடவே ஒரு வெட்கமும் வந்தது. சோறு வைக்க வேண்டுமே என்ற பயத்தில், பிறந்ததைப் பார்க்கவிடாமல் மூடி வைத்திருக்கிறேன். பக்தி என்று நினைத்தேன், கஞ்சத்தனம்.

"எனக்கு ஒன்று வேண்டும். கண்ணோடு. என் மகன் ஆடுவான், சமையலறையில் என்றாலும் ஆடட்டும். புகை நான் காட்டுகிறேன்" என்றார்.

செயல்முறை காட்டுவதற்காக மேசையில் உளி வைத்திருந்தோம். மனைவி பக்கத்துக் கடையில் வாசனை மெழுகுதிரி ஒன்றை இரவல் வாங்கிவந்து கொளுத்தினாள், கறுவா மணம். சாராயத்துக்கு எங்கே போவது? சூடான வைன் விற்கிற கடையிலிருந்து ஒரு கோப்பை வந்தது. அதை முகத்துக்கு முன்னால் வைத்தோம். அந்தப் பெண் தன் பாஷையில் ஏதோ சொன்னார், நான் வாய்க்குள் வைரவரைக் கும்பிட்டேன், மனைவி "கெதியாச் செய்யுங்கோ, வைன் ஆறுது" என்றாள். உளியை வைத்து ஒரு கண், பிறகு மற்றது. கடைசிச் சீவல் விழுந்ததும் துளையால் மனைவியின் மஞ்சள் ஜாக்கெட் தெரிந்தது. இவ்வளவு நாளும் மரக்கட்டை, இப்போது யாரோ வந்து நிற்கிறார்கள்.

தலைவர் திரும்பிப் பார்த்து "நைன், வேண்டாம்!" என்று ஒரு சத்தம் போட்டார். இருந்தும் அந்தப் பெண் ஜாகுவாரோடு போய்விட்டார், போகும்போது அட்டையைக் கழற்றித் தலைவர் கையிலேயே கொடுத்துவிட்டு.

திங்கட்கிழமை நான் மிச்சம் இருந்த எல்லாவற்றுக்கும் கண் குறித்தேன். போர்த்துக்கல்காரர் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் துளைத்துத் தள்ளினார். தலைவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. தொடர் அழிந்துவிட்டதாம். அறிக்கை போச்சு என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் நெஞ்சில் கையோடு வந்தார். அவருக்கு விளங்கிவிட்டதாம். இருட்டில் இருந்து வெளிச்சத்துக்கு, ஆறு மாதப் பயணம், நானேதான் அந்த ஜாகுவாராம். இந்த மனிசனோடு என்ன செய்கிறது? நான் தும்மினாலும் அதற்கு ஓர் அட்டை எழுதுவார்.

அறிக்கைக் கூட்டம் ஜனவரியில், காலை பத்து மணிக்கு. மேசைக்கு ஒரு பக்கம் தலைவர், காப்புறுதிப் பெண், ஆஸ்பத்திரி ஆளணிப் பெண். மறுபக்கம் நான், சலவை மடிப்புக் கலையாத சேட்டோடு. தலைவர் அறிக்கையை வாசித்தார். நாலு பக்கம். இருட்டு, பசி, பார்வை, விழிப்பு எல்லாம் இருந்தது. தோள் இல்லை. காப்புறுதிப் பெண் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசிப் பக்கத்தில் தலைவர் குண்டைப் போட்டார்: இப்படிப்பட்ட ஒருவரைத் துணிக்கிடங்குக்குத் திருப்பி அனுப்புவது பாவம், அவர் மரத்தோடுதான் இருக்க வேண்டும், வேலைத்தலத்தில் நிரந்தர இடம் கொடுக்கப் பரிந்துரைக்கிறேன்.

"அப்படியென்றால் இங்கேயே இருப்பதுதானே அவருக்கும் நல்லது" என்றார் காப்புறுதிப் பெண். பேனையைத் திறந்தார்.

இந்த மனிதர் என்னைக் கெடுக்க நினைக்கவில்லை, என்மேல் உண்மையான அன்பு, அதுதான் ஆபத்து. எழுந்து நின்றேன்.

"நான் மாயா இல்லை" என்றேன். "நான் ஜாகுவார் இல்லை. நான் துணிக்கிடங்கு. அளவு சொன்னால் எடுத்துக் குடுப்பன். நாப்பத்திரண்டு, நாப்பத்திநாலு. இருபத்திரண்டு வருசம். எனக்கு அது வேணும்." கடைசி இரண்டு வசனம் தமிழில் வந்துவிட்டது. யாரும் விளங்கவில்லை என்று சொல்லவில்லை.

ஆளணிப் பெண் அறிக்கையை மூடி வைத்தார்.

"கை மேலே போகிறதா? அதுதானே கேள்வி. யாராவது பார்த்தீர்களா?"

ஒருவரும் பார்த்திருக்கவில்லை. ஆறு மாதம்!

"உயர்த்துங்கள், பார்ப்போம்."

உயர்த்தினேன். தோள் மட்டத்துக்கு வரும்வரை பாடில்லை. காதடிக்கு வரும்போது உள்ளே நரம்பைப் பிடித்து முறுக்கியது போல வந்தது. நான் நிறுத்தவில்லை. தலைக்கு மேலே போனது. மற்ற இருவரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆளணிப் பெண் மட்டும் என் முகத்தைப் பார்த்தார்.

"நோகிறதா?"

"இல்லை."

"நோகவில்லை" என்று காப்புறுதிப் பெண் எழுதிக்கொண்டார்.

ஆளணிப் பெண் இன்னமும் என் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு தன் குறிப்பேட்டைத் திறந்தபடி, சும்மா ஒரு விஷயம் சொல்வது போலச் சொன்னார்.

"திங்கட்கிழமை ஏழு மணிக்கு வாருங்கள். அதிகம் எடுபடும் அளவுகளை எல்லாம் கீழ்த் தட்டுக்கு மாற்றி வைக்கச் சொல்கிறேன். கையை இறக்குங்கள்."

இறக்கினேன். கதிரையில் இருந்து, மூன்று பேருக்கும் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன். தலைவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அறிக்கையின் ஓரத்தில் ஏதோ எழுதினார். எழுதினால் எழுதட்டும்.